பேர் போடுவதிலிருந்து வணக்கம் வரை

இரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்தது இது. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் எங்கள் வாடகை வீட்டில், பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. அன்றுதான் என் கணவரின் அண்ணனை நான் எதிர்த்துப் பேசினேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அதுவே முதல் தடவை. அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு நாலு மாதம் முன்பு என் கணவர் தவறிப்போனார். அவருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இருந்த ஒரே பைத்தியம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். ஞாயிறு மூன்று மணியானால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அதற்கும் சட்டதிட்டம் உண்டு. பேர் போடுவதிலிருந்து பார்க்க வேண்டும். கடைசியில் 'வணக்கம்' என்று எழுத்து வரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. இடைவேளையில் படத்தை நிறுத்திவைப்பார், நான் டீ போடப் போவேன். அப்படி ஒரு இடைவேளையில் டம்ளரோடு திரும்பி வந்தேன். ரிமோட் கையில் இருந்தது, உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள். நிறுத்திய படம் நிறுத்தியபடியே நின்றிருந்தது. யார் வந்து டிவியை அணைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

பதினேழாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. வாரத்தில் ஆறு நாள் எப்படியோ ஓடிவிடும். ஏழாம் நாள் மூன்று மணி வந்தால்தான் வீடு கழுத்தை நெரிக்கும். அந்தப் படத்தின் மீதியைப் பார்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. நாலு தடவை போட்டேன். நாலு தடவையும் பேர் போடும்போதே அணைத்துவிட்டேன். தனியாக முடியவில்லை. தனியாக முடியாவிட்டால் கூட்டம் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று ஒருநாள் தோன்றியது.

போனில் ஒரு குரூப் ஆரம்பித்தேன். பேக்கிங்கில் என்னோடு வேலை பார்க்கும் இருவர் சேர்ந்தார்கள். என் கணவரோடு படித்தவர் ஒருவர் சேர்ந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கேயே இருக்கிறார். வைத்திக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெண்மணி விஷயத்தைக் கேள்விப்பட்டு, "என்னையும் சேத்துக்கோக்கா" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போனை நீட்டினாள்.

ஒருவர் போட்டு எல்லோருக்கும் காட்டினால் படம் திக்கித் திக்கி வந்தது. அதனால் அவரவர் வீட்டில் அதே படத்தை எடுத்து வைத்துக்கொள்வோம். வீடியோ காலில் நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். மூன்றில் எல்லோரும் சேர்ந்து ஓடவிடுவோம். மைக்கை மட்டும் யாரும் அணைப்பதில்லை, அடுத்தவர் சிரிப்பது கேட்க வேண்டுமே. பிரான்சுக்காரர் சிரிப்பு மட்டும் இரண்டு விநாடி தாமதமாக வரும். அதைக் கேட்டு நாங்கள் இன்னொரு தடவை சிரிப்போம்.

முதல் இரண்டு ஞாயிறும் வேறு படங்கள். மூன்றாவது ஞாயிறுக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது. பாதியில் நின்ற அந்தப் படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டு, காரணத்தையும் சொன்னேன். எல்லோரும் சரி என்றார்கள்.

ஐந்து பேரும் வீடியோ காலில் வந்துவிட்டோம். எண்ண வாயைத் திறக்கிறேன், வாசலில் ஸ்கூட்டர் சத்தம். என் கணவரின் அண்ணன் உள்ளே வந்தவர் நேராக டிவிக்கு முன்னால் நின்றார்.

"ஏம்மா, துக்க வீட்டுல என்னம்மா இது? வருசம் திரும்பல, அதுக்குள்ள சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேக்குதாம். சொந்தக்காரங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

எங்கள் பக்கத்தில் வருஷம் திரும்பும்வரை அந்த வீட்டில் பண்டிகை கிடையாது, சினிமா கிடையாது. எனக்குத் தெரியாதா? பொங்கலுக்குப் பானை வைக்கவில்லை, ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் குரல் கேட்டதுமே என் விரல் போனை அணைக்கப் போய்விட்டது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம்.

அப்போது போனிலிருந்து மீன்காரப் பெண்ணின் குரல் வந்தது. "இன்னாக்கா, எண்ணாம இருக்க? மீதி மீன ஐஸ்ல போட்டுட்டு ஓடியாந்து உக்காந்துகினு இருக்கேன். யாரு அங்க சத்தம் போடறது?"

மைக் திறந்திருப்பதையே நான் மறந்துவிட்டேன். அவர் திடுக்கிட்டுப்போய், யார் அது என்றார். சொன்னேன்.

"மீன்காரிக்கெல்லாம் நம்ம வீட்டு விசயம் தெரியணுமா?"

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. நான் பதில் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "எங்க வீட்டுக்காரரு கடல்லயே போயிட்டாருங்க. காரியம் முடிஞ்ச மறுநாளே நான் கூடையத் தூக்கிட்டேன். அன்னிக்கு ஒருத்தரும் வந்து துக்கம் கெட்டுப்போச்சின்னு சொல்லல."

நான் எழுந்து நின்றேன். "நானும் பதினேழாம் நாளே வேலைக்குப் போனேன், மாமா. நீங்கதான் ஸ்கூட்டர்ல கொண்டாந்து கம்பெனி கேட்டுல விட்டீங்க. வேலைக்குப் போனா கெடாத துக்கம், சிரிச்சா மட்டும் கெட்டுடுமா?"

"அவன் இருந்திருந்தா இப்படிப் பேசுவியா நீ?"

"அவரு இருந்திருந்தா இந்நேரம் பேர் போட்டு முடிச்சிருக்கும். உக்கார்றதா இருந்தா உக்காருங்க, இல்லன்னா கொஞ்சம் தள்ளிக்குங்க. டிவிய மறைக்கறீங்க."

என் வாயா அப்படிப் பேசியது என்று எனக்கே ஆச்சரியம். பிரான்சுக்காரர் எப்போதும் அவசரப்படுத்துகிற மாதிரி "அலே, அலே, ஆரம்பிங்க" என்றார். நான் எண்ணினேன். மூன்று என்று சொல்லும்போது கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

ஆனால் பெரிய கண்டம் அதற்குப் பிறகுதான். இடைவேளை என்று எழுத்து வந்ததும் படத்தை நிறுத்தினேன். அடுத்து எண்ண வேண்டியது நான். எண்ண வரவில்லை. யாரும் டீ போடப் போகவில்லை. கடைசியில் மீன்காரப் பெண்தான், "நான் எண்ணட்டாக்கா?" என்று கேட்டாள். அவள் எண்ண, நான் ரிமோட்டை அமுக்கினேன்.

அப்படியொன்றும் பிரமாதமான இரண்டாம் பாதி இல்லை. ஒரு சண்டை, ஒரு கோர்ட்டு, எல்லோரும் எல்லோரையும் மன்னித்துவிட்டார்கள். இதற்காகவா நாலு மாதம் தவித்தேன் என்று என் கணவரைத் திட்டிக்கொண்டே சிரித்தேன், அழுதேன். 'வணக்கம்' வரும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கார்த்திகையில் வருஷத் திவசம் வந்தது. அதுவும் ஒரு ஞாயிறு. அதுவரை என்னோடு பேசாதிருந்த அண்ணன் வந்து செய்ய வேண்டியதையெல்லாம் குறைவில்லாமல் செய்தார். சாப்பாடு முடிந்து மூன்று மணி ஆனதும், சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்க நான் போனை எடுத்து எண்ணத் தொடங்கினேன். அவர் விருட்டென்று எழுந்து வெளியே போனார். ஆனால் முதல் பாட்டு முடிந்த பிறகுதான் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அவ்வளவு நேரம் வாசலில் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது குரூப்பில் இருபது பேருக்கு மேல் இருக்கிறோம். எப்போது அழ வேண்டும், எப்போது சிரிக்கலாம் என்று ஊர் இன்னும் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஞாயிறு மூன்று மணிக்கு எண்ணுகிறவள் நான்.