பதில் வருமுன் வைத்த ரெலிபோன்

1. பின்லாந்து மேசை

மொன்றியலில் என்னை வேலைக்கு எடுத்தவர் நேர்முகத்தில் கேட்ட ஒரே கேள்வி, "பின்லாந்தைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?" என்பது. "சரியான குளிராம்" என்றேன். "அது இங்கேயும்தானே" என்று சொல்லிவிட்டு மேசையைக் காட்டினார். 1990ஆம் ஆண்டு, மார்ச் மாதம்.

அவர் பெயர் ரெமி. டவுன்டவுனில் பீல் மெற்றோவுக்குக் கிட்ட, மூன்றாம் மாடியில் நாலு மேசை போட்ட சின்னக் கந்தோர் அவருடையது. கியூபெக்கில் பத்திரிகைக் கடதாசி செய்கிற ஆலைகளுக்கு வாரம் ஒருமுறை இரண்டு பக்க புல்லட்டின் அனுப்புவதுதான் எங்கள் தொழில். போட்டி நாடுகளில் என்ன நடக்கிறது, அதனால் கடதாசி விலை ஏறுமா இறங்குமா என்று ஆலைக்காரர் அதில் பார்ப்பார்கள். போட்டியில் பெரிய ஆள் பின்லாந்து. அந்த மேசை எனக்கு வந்தது.

நான் மன்னாரில் பிறந்து, கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் பதினொரு வருடம் ஸ்ரெனோவாக இருந்தவள். அரசியலும் தெரியாது, பொருளாதாரமும் தெரியாது. சொன்னதைச் சொன்னபடி சுருக்கெழுத்தில் எடுப்பேன், ஒரு சொல் தவறாது. அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

செவ்வாயும் வெள்ளியும் ஹெல்வி வருவாள். பின்லாந்துக்காரி, என் வயதுதான். விமானத் தபாலில் வந்த அவர்களுடைய செய்திப் பேப்பர்களைப் பார்த்து இங்கிலிசில் சொல்லிக்கொண்டு போவாள், நான் எடுப்பேன். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நான் ஹெல்சிங்கிக்குப் போன் எடுப்பேன். அங்கே அப்போது பின்னேரம் மூன்று மணி. அங்கே எங்களோடு கதைக்கிறவர் ஒருவர்தான். ஈரோ என்று பெயர், கடதாசி ஆலைகளின் சங்கத்தில் மூத்த அலுவலர். நான் அவரை நேரில் கண்டதில்லை. ஏழு நிமிடத்துக்கு மேல் போனால் ரெமி மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்குவார்.

வியாழன் மத்தியானம் ரைப் பண்ணிய பக்கத்தை ரெமியின் மேசையில் வைத்தால், ஒவ்வொரு வரியிலும் பென்சிலை வைத்து ஒரே கேள்வியைக் கேட்பார். "இது ஆர் சொன்னது?" அவர் பிரெஞ்சில்தான் கேட்பார். இந்தக் குறிப்பில் எல்லாருடைய கதையையும் நான் எங்கட பேச்சிலேயே எழுதுகிறேன், அப்படித்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்ன பேப்பர், இன்ன ஆள் என்று பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத வரியை வெட்டிவிடுவார்.

2. ஒரு கேள்வி

அந்த வருடங்கள் பின்லாந்துக்குக் கெட்ட காலம். சோவியத் யூனியன் குலைந்ததோடு அவர்களுடைய பெரிய வாடிக்கை போய்விட்டது. வங்கிகள் ஆட்டம் கண்டன. வேலை இல்லாதோர் தொகை மாதாமாதம் ஏறியது. 1991 கடைசியில் அரசாங்கம் தங்கள் காசான மார்க்காவின் பெறுமதியைக் குறைத்தது. மார்க்கா இறங்கினால் அவர்களுடைய கடதாசி வெளிநாட்டில் மலிவாகும், எங்கள் ஆலைக்காரரின் விற்பனை படுக்கும். அங்கே வட்டி குறைவென்று நம்பி வெளிநாட்டுக் காசில் கடன் எடுத்த சனங்களும் இருந்தார்கள். மார்க்கா இறங்க இறங்க அவர்களுடைய கடன் வீங்கும். அப்படி வீடும் தொழிலும் இழந்த குடும்பங்களைப் பற்றி ஹெல்வி வாசிப்பாள். கை எழுதும், மனம் மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும்.

1992 கோடை முழுக்க ஆலைக்காரர் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். மார்க்கா இன்னொருமுறை இறங்குமா? இறங்க விடமாட்டோம் என்று பின்லாந்து அரசாங்கம் திரும்பத் திரும்பச் சொன்னது.

ஓகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை ஈரோவைக் கேட்டேன். "அரசாங்கம் சொல்லுறதை நீங்கள் நம்புறீங்களோ?"

சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை, அவர் மூச்சு விடுவது கேட்டது. கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறார் மனுசன். ரெமியின் தலை மணிக்கூட்டுப் பக்கம் திரும்புகிறது.

எங்கள் ஆட்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டு அவ்வளவு நேரம் பதில் வராவிட்டால், அதுவே பதில். என் கலியாணமே அப்படித்தான் முற்றானது. "பிள்ளைக்கு விருப்பமோ?" என்று பெரியப்பா கேட்டார், நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மௌனம் சம்மதம் என்று சொல்லி எல்லாரும் பலகாரத்தில் கை வைத்துவிட்டார்கள். நம்புகிற மனுசனென்றால் ஓம் என்று சொல்ல எவ்வளவு நேரம்? இவர் நம்பவில்லை, சங்கத்தில் இருக்கிறபடியால் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நிற்கிறார் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். என் கெட்டித்தனத்தில் எனக்கே ஒரு பெருமை, புளுகம்.

"விளங்குது ஈரோ, நீங்கள் சொல்லத் தேவையில்லை. நன்றி" என்று வைத்துவிட்டேன்.

அடுத்தநாள் ரெமியின் பென்சில் அந்த வரியில் வந்து நின்றது. "ஆலைகள் சங்கத்தின் மூத்த அலுவலர் ஒருவர் அரசாங்கத்தின் உறுதிமொழியை நம்பவில்லை."

"இது ஆர் சொன்னது?"

"ஈரோ."

"இப்பிடியே சொன்னவரோ?"

"எனக்கு விளங்கப்பண்ணினவர்."

பென்சில் அடுத்த வரிக்குப் போனது.

3. மூன்று வரி

செப்டெம்பர் தொடக்கத்தில், லேபர் டே நீண்ட விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஹெல்சிங்கியில் இருந்து ஒரு ஃபாக்ஸ் வந்தது. மூன்றே வரி.

"நீங்கள் எழுதியதை நான் சொல்லவில்லை. எங்கள் ஜேர்மன் வாடிக்கையாளர் ஒருவர் கைமாறிக் கிடைத்த அந்தப் பக்கத்தை என் இயக்குநருக்குக் காட்டியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்."

பேச்சில்லை, ஏச்சில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லி மனதை ஆற்றியிருப்பேன். ஹெல்வி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அந்தாளுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தாறு எண்டு ஒருக்காச் சொன்னவர்."

"அப்ப இந்த வேலை போனால் போனதுதான். இண்டைக்கு அங்க முப்பது வயசுக்காரனுக்கே வேலை இல்லை."

எனக்கு உடனே கோபம்தான் வந்தது. சொல்லிவிட்டு மறுக்கிறார் என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஹெல்வியின் முன்னால் விரித்தேன். சுருக்கெழுத்து அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நானே விரலை வைத்து வாசித்தேன். அந்த நாளின் கதை வரிக்குவரி இருந்தது. மரம் வெட்டுக் கூலி, கப்பல் கூலி, எல்லாம். கடைசியில் என் கேள்வி. அடுத்த வரியில் என்னுடைய "விளங்குது ஈரோ, நீங்கள் சொல்லத் தேவையில்லை. நன்றி." இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. ஒரு சொல் தவறாமல் எடுக்கிற என் கை, எழுத ஒன்றும் இல்லாதபடியால் எழுதாமல் விட்டிருக்கிறது.

"எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தவர்?" என்று ஹெல்வி கேட்டாள்.

"பத்து, பன்னிரண்டு செக்கன் இருக்கும்."

"அவ்வளவுதானோ? எங்கட அம்மாவிட்ட ஒரு கேள்வியைக் கேட்டுப்போட்டு, கோப்பி ஊத்திக் குடிச்சு முடிச்சாப் பிறகுதான் பதில் வரும். பாரமான கேள்வி எண்டால் யோசிச்சுத்தான் சொல்லுவினம். இடையில நாங்கள் வாய் திறக்கமாட்டம். நீ பாவி, அந்தாள் வாய் திறக்க முதல் வைச்சிட்டாய்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஈரோ வாயே திறக்காமல் என் வாயால் கெட்டார்.

அந்த மூன்று நாள் விடுமுறையும் எங்கள் கோட்-டெ-நெய்ஜ் வீட்டில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஞாயிறு பூசையில் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கிற இடத்தில் ஹெல்சிங்கிதான் நினைவுக்கு வந்தது. என் மனுசன் அன்ரன் டவுன்டவுன் ரெஸ்ரோறன்ற் ஒன்றில் சமையல் வேலை. கிழங்கு வெட்டிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார்.

"இஞ்சாரும், அப்ப அண்டைக்கு உங்கட பெரியப்பா கேக்கேக்கை நீர் பேசாமல் நிண்டது ஓம் எண்டுதானே?"

"நீங்கள் கிழங்கை வெட்டுங்கோ" என்றேன். மனுசன் சிரித்தார். ஆனால் கொஞ்ச நேரம் கத்தி ஓடவில்லை.

4. காகமும் பனம்பழமும்

செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் போனால் ரெமி வாசலில் நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. பின்லாந்து மத்திய வங்கி மார்க்காவைக் கைவிட்டுவிட்டது. இனிச் சந்தை வைத்ததே விலை. மார்க்கா மளமளவென்று இறங்குகிறது என்று செய்தி.

"மூண்டு கிழமைக்கு முதலே நாங்கள் எழுதிப்போட்டம்! விடிஞ்சதில இருந்து ஐஞ்சு ஆலைக்காரர் போன் எடுத்திட்டினம். ஒராள் தன்ர மற்ற ஆலைக்கும் புல்லட்டின் வேணுமாம்."

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் கீழே நின்ற ஈரோவின் தலையில் அல்லவா விழுந்தது! வரி பொய்யாகப் போயிருந்தால், கனடாக்காரருக்கு விசர் என்று சொல்லி விட்டிருப்பார்கள். இப்போது அது மெய்யாகிவிட்டது. சங்கத்துக்குள் இருந்து எவரோ முன்கூட்டியே கதை கொடுத்திருக்கிறார் என்றுதான் இனி நினைப்பார்கள். எங்களோடு கதைக்கிறவர் அங்கே ஒருவர்தான்.

ரெமியிடம் ஃபாக்ஸைக் கொடுத்து, நோட்டுப் புத்தகத்தையும் காட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். வியாழன் புல்லட்டினில் ஒரு திருத்தம் போட வேண்டும், வெள்ளிக்கு முதல் அது ஹெல்சிங்கிக்குப் போக வேண்டும் என்றேன்.

"திருத்தமோ? பிழையாப் போனால்தான் திருத்தம். இது சரியாப் போச்சு."

"சரியாப் போனது எங்கட கெட்டித்தனம் இல்லை."

"அதை ஊருக்குச் சொல்லப்போறீரோ? இண்டைக்குத்தான் சனம் எங்களைக் கும்பிடுது. பேந்து பாப்பம்."

புதன் முழுக்கக் காத்திருந்தேன், அந்தப் பேந்து வரவில்லை. அந்தக் கிழமை ஹெல்சிங்கிக்குப் போன் எடுக்கவும் எனக்குத் துணிவில்லை.

5. வியாழன்

பக்கத்தை ரைப் பண்ணும்போது, முதல் செய்தியாகத் திருத்தத்தைப் போட்டேன். என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்றுதான். வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்புகிற காசு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. மறைப்பானேன், பயமாகத்தான் இருந்தது.

ரெமி பென்சிலை எடுத்தார். முதல் வரியைக் கண்டதும் முகம் சிவந்தது. "நான் வேண்டாம் எண்டு சொன்னனான்."

நான் ஓகஸ்ட் மாதப் பக்கத்தை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்து, அந்த வரியில் என் விரலை வைத்தேன்.

"முசியே ரெமி, ஒவ்வொரு வியாழனும் நீங்கள்தான் கேக்கிறனீங்கள். இண்டைக்கு நான் கேக்கிறன். இந்த வரி, இது ஆர் சொன்னது?"

அவர் பேசவில்லை. எனக்கு நாக்கு துடித்தது. "நீங்கள் கோபிக்காதேங்கோ, நான் என்ன சொல்ல வாறன் எண்டால்" என்று பத்து வார்த்தை தொண்டையில் வந்து நின்றது. விழுங்கினேன். இந்த முறை என்ன ஆனாலும் நான் முதலில் வாய் திறப்பதில்லை என்று நின்றேன். வெளியே பஸ் ஒன்று நின்று புறப்பட்டது.

"ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார் கடைசியில். பென்சிலைக் கீழே வைத்தார். "சரி, போடும். ஆனால் இது கந்தோரின்ர பிழை இல்லை. உம்மட பேரைப் போடும்."

எங்கள் புல்லட்டினில் அதுவரை எவருடைய பெயரும் வந்ததில்லை. என் பெயர் அச்சில் வந்தது அந்த ஒருநாள்தான். "ஓகஸ்ட் மாதம் சங்க அலுவலர் ஒருவர் சொன்னதாக வெளியான வரியை அவர் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லுமுன் நான் ரெலிபோனை வைத்துவிட்டேன். அந்த வரி என் ஊகம்." கீழே முழுப் பெயர். ஆலைகளுக்கு ஒவ்வொன்றாக ஃபாக்ஸில் போட்டேன். ஹெல்சிங்கிக்கு முதலில் போட்டேன்.

மற்ற ஆலைக்கும் கேட்டவர் பிறகு கேட்கவில்லை. ரெமி இரண்டு மாதம் என்னோடு வேலைக்கு வேண்டிய கதை மட்டும்தான் கதைத்தார். அது அவருடைய நியாயம்.

6. திங்கட்கிழமை, எட்டு மணி

இதை வாசிக்கிற இளம் பிள்ளைகளில் சிலர் செய்தி வேலைக்கோ போனில் ஆட்களைக் கேள்வி கேட்கிற வேலைக்கோ போவீர்கள். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருங்கள். ஆள் பேசாமல் இருந்தால் "பேசவில்லை" என்றே எழுதுங்கள், உங்கள் சொல்லை அவர் வாயில் வைக்காதீர்கள். அது சரியாகப் போனாலும் வைக்காதீர்கள். நான் இதைப் படித்த விதம் நல்லதல்ல.

அந்தத் திங்கட்கிழமை எட்டு மணிக்குப் போன் எடுத்தேன். வேறு குரல் எடுத்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஈரோதான் எடுத்தார்.

"ஃபாக்ஸ் கிடைச்சதோ?"

பேச்சில்லை. நோட்டில் ஒவ்வொரு செக்கனுக்கும் ஒரு கோடு போட்டேன். பதினாலாவது கோட்டில் குரல் வந்தது.

"கிடைச்சது. இயக்குநர் ரெண்டு தரம் வாசிச்சார். என்ர மேசையில இருந்துதான் கதைக்கிறன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் ஒரு நேரம் எடுத்து, "சரி" என்றார். வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

"ஈரோ, அண்டைக்கு நான் வைக்காமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீங்கள்?"

கோடுகள் ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போயின. ரெமி மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

"நம்புறன் எண்டு சொல்ல இருந்தன்" என்றார். "என்ர மகன் சின்னதா ஒரு மரத்தளபாடத் தொழில் வைச்சிருக்கிறான். கடன் வெளிநாட்டுக் காசில. மார்க்கா இறங்கினால் அவன் முடிஞ்சான். நான் உண்மையா நம்புறனோ, இல்லாட்டி அவனுக்காக நம்புறனோ எண்டு யோசிச்சுப் பாத்துக்கொண்டிருந்தன். அதுக்குள்ள நீங்கள் நன்றி சொல்லிப்போட்டு வைச்சிட்டீங்கள்."

மகனுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. மார்க்கா இறங்கி ஆறு நாள் ஆகியிருந்தது, கேட்க என்ன இருக்கிறது. எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை, ரெலிபோனைக் காதில் வைத்தபடி அப்படியே இருந்தேன். அவரும் வைக்கவில்லை, நான் ஏதாவது சொல்லும்வரை காத்துக்கொண்டிருந்தார்.