சத்தம் வராத புரை

அப்போது குற்றாலத்தில் சீசன். பக்கத்து வீட்டு அக்கா வாங்கி வந்த ரம்புட்டானை உரித்து என் நாலு வயது மகளிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பழம் உரிக்கக் கண் எதற்கு? ஒரு இருமல் கேட்டது. "ஏட்டி, ஒங்க வாப்பா நினைக்காவ" என்று சிரித்துக்கொண்டே அவள் உச்சந்தலையில் தட்டினேன். அவள் அப்பா துபாயில் இருக்கிறார். புரை ஏறினால் எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். இருமல் நின்றது. சரியாகிவிட்டது என்று அடுத்த பழத்தை எடுத்தேன்.

உள்ளே வந்த அக்கா அலறினாள். "ஏட்டி, புள்ள மூச்சில்லாம நிக்காளே!" பிள்ளையை மடியில் குப்புறப் போட்டு முதுகில் அறைந்தாள். கொட்டை தெறித்து விழுந்தது. யா அல்லா, அதன் பிறகுதான் என் மகள் அழுதாள்.

தென்காசியில் முதலுதவிப் பயிற்சி என்று கேள்விப்பட்டதும் ஆட்டோ பிடித்து ஓடினேன். நர்ஸம்மா திரையில் படம் போட்டு, "இங்கன, இந்த மாதிரி அடிக்கணும்" என்றார். எங்கன? எந்த மாதிரி? பயிற்சிக்கு வைத்திருந்த பொம்மையைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க உக்காருங்கம்மா. வீட்டுல கண்ணு தெரிஞ்ச ஆளு யாரையாவது அனுப்புங்க."

வீட்டில் இருப்பதே நானும் மகளும்தான்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தடவித் தடவி முன்னால் போய்க் குனிந்து நின்றேன். "எம் முதுகுல அடிச்சுக் காட்டுங்க."

முதலில் பூப்போலத் தட்டினார். "இப்படித்தான் அடிப்பீங்களா?" என்று கத்தினேன். அடுத்த அடி தோள்பட்டைகளின் நடுவே இறங்கியது. வலித்தது. இடமும் பலமும் புரிந்தன.

"அடைச்சிருக்குன்னு எப்படித் தெரியும்?"

"முகத்தைப் பாத்தா..." என்று இழுத்தவர், "பேச்சு வராதும்மா" என்றார்.

"அப்ப தின்னும்போது பேச வச்சுக்கிட்டே இருக்கட்டுமா?"

"ஐயோ, கூடாது. பேசிக்கிட்டே தின்னாத்தான் புரை ஏறும்."

"பேசாமத் தின்னா, அவ உசுரோட இருக்காளான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் என்னைக் கைப்பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

இப்போது சோறு ஊட்டும்போதெல்லாம் இன்னொரு கையை அவள் தொண்டையில் வைத்திருக்கிறேன். விழுங்குவது விரலுக்குத் தெரிந்தால்தான் அடுத்த வாய். "கூசுது உம்மா" என்று நெளிந்து சிரிக்கிறாள்.

"சிரிக்காதட்டி, வாயில சோறு இருக்கு!" என்று நான் கத்துகிறேன்.