ஜெயப்ரியா கழற்றி வைத்துக்கொண்ட போல்ட்

ஜெயப்ரியாவுக்கு மறதி என்பதே கிடையாது. எந்தக் கல்யாணப் பந்தியில் யார் தன்னைக் கவனிக்காமல் விட்டார்கள் என்பதுவரை நினைவில் வைத்திருப்பாள். அப்படிப்பட்டவளின் அம்மாவைத்தான் மாமியார் உண்ணாமலை நடுத்தெருவில் அவமானப்படுத்தினாள்.

ஆரணியில் அந்தத் தெரு முழுக்கப் பட்டுத்தறி வீடுகள். உண்ணாமலை வீட்டுப் பின்கட்டில் நூலுக்குச் சாயம் போடுவார்கள். ஆடி மாதம் ஒருநாள் அரக்குச் சாயம் ஏறிய பட்டுநூல் கட்டுகளில் ஒரு கட்டு, ஒரு சிட்டம், குறைந்தது. அன்றைக்குப் பார்த்து, பேரனைப் பார்க்கக் கண்ணமங்கலத்திலிருந்து வந்திருந்த ஜெயப்ரியாவின் அம்மா பொன்னியம்மாள் ஊருக்குக் கிளம்பினாள். உண்ணாமலை அவள் பையைப் பிடுங்கித் தெருவில் கவிழ்த்தாள். ஒரு பழம்புடவை, சுகர் மாத்திரை, கொஞ்சம் வேர்க்கடலை. நூல் இல்லை.

ஷிப்ட் முடிந்து செய்யார் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஜெயப்ரியா பார்த்தது, மண்ணில் குந்திக் கடலை பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவை. கணவன் ஹேமநாத் வாசற்படியில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். அதன்பிறகு பொன்னியம்மாள் அந்தப் பக்கமே வரவில்லை.

அதே வாரம் வாஷிங் மெஷினும் மக்கர் செய்தது. ஜெயப்ரியா தன் சம்பளத்தில் வாங்கிய ரெட்டைத் தொட்டி மெஷின் அது. துவைக்கிற தொட்டி ஓடியது. பிழிகிற டிரையர் உறுமியதே தவிரச் சுற்றவில்லை. "கை இல்லாதவளுக்குத்தான் மிஷினு" என்று அதை வந்த நாளிலிருந்து கரித்துக்கொட்டியவள் உண்ணாமலை.

டிரையர் இடுக்கில் ஜெயப்ரியா விரலை விட்டுப் பார்த்தாள். அரக்குச் சாயம் ஒட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. தோள்வலிக்காரி மாமியார், மருமகள் இல்லாத நேரத்தில் ஈர நூலை இதில் போட்டுப் பிழிந்திருக்கிறாள்! வேறு யாராவது என்றால் அங்கேயே கத்தியிருப்பார்கள். இவள் மூடியைச் சாத்திவிட்டு அமாவாசைக்குக் காத்திருந்தாள்.

அமாவாசையன்று தறி ஓடாது. தெருவே வாசலில் உட்கார்ந்திருக்கும். ஜெயப்ரியா லீவு போட்டு, மெக்கானிக் அஜித்குமாரை வரச்சொல்லி, அம்மாவின் பை கவிழ்ந்த அதே இடத்தில் மெஷினை இறக்கி வைக்கச் சொன்னாள்.

"உள்ளயே வெச்சிப் பாக்கலாமே," என்றாள் உண்ணாமலை.

"உள்ள வெளிச்சம் பத்தாது அத்த."

அஜித்குமார் மூடி சுவிட்சை அழுத்திப் பார்த்தான், பிரேக் ஒயரை இழுத்துப் பார்த்தான். இரண்டும் சரி. தொட்டியைக் கையால் சுற்றினால் அசையவில்லை. "அடியில எதுவோ சிக்கினுகீதுக்கா," என்று பின்மூடியைத் திறந்து, தொட்டியை அச்சோடு பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றித் தொட்டியைத் தூக்கினான். விளிம்பு தாண்டி நழுவிய சிட்டம் அச்சைச் சுற்றி இறுகிக் கிடந்தது.

"இன்னாக்கா, மிஷினும் பட்டு நெய்துகினு இருந்துச்சா?"

தெரு சிரித்தது. உண்ணாமலையின் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கம்மா பையில தேடுனீங்களே அத்த, அது இதான்," என்றாள் ஜெயப்ரியா. தொட்டியை மாட்டப்போன அஜித்குமாரிடமிருந்து போல்ட்டை வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டாள். "நீங்களே போயி எங்கம்மாவ கூப்டுகினு வாங்க. அப்பறம் மாட்டிக்கலாம்."

"விடு ப்ரியா, வயசானவங்க," என்றான் ஹேமநாத்.

"எங்கம்மாவுக்கு மட்டும் வயசே ஆவலியா?"

அன்றிலிருந்து தன் துணியையும் பிள்ளை துணியையும் மட்டும் அவள் கையால் பிழிந்து போட்டாள். மற்றவர்கள் துணி கொடியில் சொட்டிக்கொண்டு கிடந்தது. உண்ணாமலை தோளைப் பிடித்துக்கொண்டு புடவை பிழிவதை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தபடி ஜெயப்ரியா காபி குடித்தாள். பாவமாகவே இல்லை; இனித்தது.

ஒரு வாரத்துக்குமேல் உண்ணாமலையால் தாங்க முடியவில்லை. வேலூர் பஸ் ஏறிக் கண்ணமங்கலம் போனவள், சாயங்காலம் பொன்னியம்மாளோடு திரும்பினாள். அன்று பை கவிழ்ந்த இடம் வந்ததும் பொன்னியம்மாள் நின்றாள்.

"சம்பந்திம்மா, உள்ள போறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க."

தானே பையைக் கவிழ்த்தாள். வேர்க்கடலை மண்ணில் உருண்டது. இந்தமுறை அவள் குனியவில்லை. உண்ணாமலை மெல்லக் குந்தி, ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

ஜெயப்ரியா பர்ஸைத் திறந்து போல்ட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கால்வா ஓரத்துல ஒண்ணு ஓடிச்சி பாருங்க அத்த."