பி.எல். என்றால் பாலி

கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன் என்றால் எல்லோரும் நான் கண்ணைச் சோதித்ததாக நினைக்கிறார்கள். நான் பார்த்தது கம்ப்யூட்டரை மட்டும்தான், அது என்னைத்தான் சோதித்தது. இரண்டு கம்பெனிக்கு நடுவில் உட்கார்ந்து ரெண்டு பக்கமும் திட்டு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் எழுத்து, அவர்கள் எழுத்து

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம். மதுரையில் எங்கள் கடையில் பில் போடுவதற்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. லென்ஸ் செய்வது வெளியூரில் இருந்த ஒரு லேப். அதுவரை ஆர்டரைத் தாளில் எழுதி கூரியரில் அனுப்பினோம். இனிமேல் போன் லைன் வழியாகக் கம்ப்யூட்டரே அனுப்பும் என்றார்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் எங்களிடம் கோடு என்று ஒரு சுருக்கெழுத்து உண்டு, லேபில் வேறொன்று உண்டு. எங்களுடைய எந்தக் கோடு அவர்களுடைய எந்தக் கோடு என்று ஜோடி சேர்ப்பது என் வேலை.

லேபின் பட்டியல் ஃபேக்ஸில் வந்தது. பாதி வரிகளில் கோடு மட்டும் தெரிந்தது, பக்கத்தில் இருந்த லென்ஸின் பெயர் மை இழுத்துக் கிடந்தது. இழுத்த இடங்களில் ரெண்டு பக்கத்து எழுத்தும் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டேன். சந்தேகம் தீராமல் லேபுக்குப் போன் போட்டு, அங்கே ஆர்டர் வாங்கும் ரவியிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "மேடம், ஆர்டரை சிஸ்டம் எடுத்துக்கிச்சுன்னா கோடு சரின்னு அர்த்தம். அப்புறம் என்ன?"

சந்தன நிறம்

முதலில் மாட்டியவர் பட்டுப் புடவைக் கடை சேல்ஸ்மேன் ஒருவர். சௌராஷ்டிரக்காரர். புடவையைப் பார்த்தால் போதும், அதற்கு ரவிக்கைத் துணி எந்தக் கட்டில் இருக்கிறது என்று எழுந்திருக்காமல் சொல்வார் என்று பெயர். அவருக்கு எழுதியிருந்தது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் பார்க்கிற, வட்டம் போட்ட பைஃபோகல். எங்கள் கடையில் அதற்கு பி.ஆர். என்று பெயர். லேபில் பி.ஆர். என்றால் பிரவுன். கிட்டத்துப் பவரும் சீட்டில் இருந்ததால் வட்டமும் வந்தது, கூடவே நிறமும் வந்தது. லேசான பிரவுன்தான், ட்யூப்லைட் வெளிச்சத்தில் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு கல்யாண வீட்டாருக்குச் சந்தன நிறம் என்று அவர் எடுத்துக்கொடுத்த புடவை வெயிலில் வெள்ளையாக இருந்திருக்கிறது. கூட்டம் இருக்கும்போது வந்து அவரை ஏசிவிட்டுப் போனார்கள். தனக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்து, வீட்டில்கூடச் சொல்லாமல் ஒரு மாதம் இருந்தவர், கடைசியில் எங்களிடம் வந்தார். லென்ஸை மாற்றிக் கொடுத்தோம். பி.ஆரை மட்டும் திருத்தினேன். மற்றதையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியது. தீபாவளி நெருக்கத்தில் தள்ளிப்போட்டேன். புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவர் சந்தோஷப்படவில்லை. "இருபது வருசமா கலர் சொல்லிப் பொழச்சவன்மா. இப்ப பை எடுத்துக் குடுக்குற வேலையில வச்சிருக்காக."

பொட்டலம்

பொங்கல் கழிந்து ஒரு பகல் நேரம், அலங்காநல்லூர் பக்கத்திலிருந்து செல்வி என்ற பெண் வந்தார். கையில் செய்தித்தாள் பொட்டலம். அவர் கணவர் முத்துக்கருப்பன் லேத் பட்டறையில் கிரைண்டிங் வேலை செய்பவர். இடது கண் முன்பே இரும்புத் தூள் தெறித்துப் போயிருந்தது. மிச்சமிருக்கும் கண்ணுக்குப் பாலிகார்பனேட் தவிர வேறு லென்ஸ் போடவே கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார். அது எளிதில் உடையாத லென்ஸ். எங்கள் கடையில் அதற்கு பி.எல். என்று பெயர், அப்படி அடித்து அனுப்பியது நான்தான். பட்டறையில் சாணைக்கல் உடைந்து ஒரு சில்லு கண்ணாடியில் அடித்து, லென்ஸ் நொறுங்கி வலது கண்ணில் ஏறியிருக்கிறது.

லென்ஸ் பொருத்தும் ஜமால் அண்ணன் பொட்டலத்திலிருந்த துண்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "இது பாலி இல்ல தங்கச்சி, சாதா பிளாஸ்டிக்" என்றார்.  செல்வியிடம், ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டேன். செல்வி சொன்னார்: "ஆச்சு. வெளிச்சம் தெரியுதாம், ஆளு தெரியலையாம். ஒடையாதுன்னு சொல்லித்தானே குடுத்தீக?"

ரவியின் பதில்

செல்வி போனதும் லேபுக்குப் போன் போட்டேன். ரவி அவருடைய பட்டியலைப் படித்தார். அவர்களுக்கு பி.எல். என்றால் பிளாஸ்டிக். பாலிக்குப் பி.சி. ஃபேக்ஸில் மை இழுத்திருந்த வரிகளில் பி.எல். வரியும் ஒன்று. நான் அழுதுகொண்டே பேசியது அவருக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் சொன்னார்: "பி.எல். கேட்டீங்க, பி.எல். அனுப்பினோம். எங்க பக்கம் தப்பு இல்லன்னு நான் எழுதி வச்சுக்கிடுறேன் மேடம்."

இலவசப் பரிசோதனை

பி.எல். போட்டுக்கொண்டவர்கள் இன்னும் பதினெட்டுப் பேர். முதலாளி கதவைச் சாத்திவிட்டு, "எல்லாருக்கும் போன் போடு. இலவசமா செக் பண்றோம், லென்ஸும் புதுசா மாத்தித் தாரோம்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை வேண்டாம்" என்றார். அப்படியே சொன்னேன். போன் இல்லாதவர்களுக்குக் கார்டு போட்டேன். ஒரு மாதத்தில் பதினெட்டுப் பேருக்கும் மாற்றியாயிற்று.

கடைசியாக வந்தவர் திருப்பரங்குன்றத்து டீச்சர். ஸ்கூட்டரில் போகும்போது விழுந்தால் உடையக்கூடாது என்று பாலி கேட்டு வாங்கியவர். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்தக் காலத்துல யாரும்மா கூப்பிட்டு சும்மா மாத்தித் தர்றாங்க? நீங்க நல்லா இருக்கணும்."

அலங்காநல்லூர் பஸ்

அந்த வாழ்த்தோடு என்னால் தூங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். முத்துக்கருப்பன் கட்டிலில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ரெண்டு எழுத்தால் வந்த வினையை ஒன்றுவிடாமல் சொன்னேன். கொண்டுபோன தாளில் அத்தனையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வக்கீலிடம் காட்டுங்கள் என்று செல்வியிடம் கொடுத்தேன். அந்தத் தாளால் எனக்கு வேலை போனது. அவர்கள் போட்ட கேஸ் நான் ஊரைவிட்டு வரும்வரை நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு முத்துக்கருப்பன் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "மத்தவுகளுக்கெல்லாம் மாத்திட்டீகளா?" என்று கேட்டார். மாற்றிவிட்டோம் என்றேன். "சரி, அப்ப என்னோட போச்சு" என்றார். செல்வி வாசல் வரை வந்தார். "அவரு சொல்லுவாரு. எனக்கு மனசு ஆறாது. தாளு குடுத்தீக, அது போதும். இனி இந்தப் பக்கம் வராதீக."

நம் வேலையில் தப்பு நடந்தால் கம்ப்யூட்டர் ஒருநாளும் சொல்வதில்லை, அதைச் சொல்ல யாராவது ஒருவர் பொட்டலத்தோடு பஸ் ஏறி வர வேண்டியிருக்கிறது.