பொழுதுபோக்கு: நில்

எக்ஸ்ரே அறையில் அவள் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லும் வார்த்தை, "அசையாம நில்லுங்க." சொல்லும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போகும். வந்தவர்கள் அது தங்களைத் தேற்றுகிற சிரிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும், நமக்கென்ன? அது பதினேழு வருடப் பழைய சிரிப்பு. அதில் தேற்றல் ஒரு சொட்டுகூடக் கிடையாது, பழி தீர்த்த சந்தோஷம்தான் இருக்கிறது.

அப்போது அவளுக்குப் பதினாலு வயது. எட்டாவது முடிந்து, மேல்நிலைப் பள்ளியில் சேரக் காத்திருந்த விடுமுறை. பெரியப்பா மகளுக்கும் அதே வகுப்பு, சேரப்போவதும் அதே பள்ளி. குடியிருப்பதும் ஒரே கட்டடம், மேலே அவர்கள், கீழே இவர்கள். பெரியப்பா மகள் டேபிள் டென்னிஸ் ஆடுவாள். ஆடின இடத்திலெல்லாம் மெடல் வாங்குவாள். வாங்கின மெடலைக் கழுத்தை விட்டுக் கழற்றாமல் கடைக்குப் போய்ச் சோப்பு வாங்கி வருவாள். அதனால் தெருவுக்கே அவள் 'மெடல்'. இவளைவிட மூன்று மாதம் மூத்தவள். முழுசாக மூன்றே மாதம்! அதற்கு "அக்கா" என்று கூப்பிட வேண்டும், "வாங்க, போங்க" போட்டுப் பேச வேண்டும் என்று பெரியம்மா சட்டம் போட்டிருந்தாள். இவள் வாய் தவறி "நீ" என்று சொல்லிவிட்டால் போதும், மாடிப்படியில் நின்று அரை மணி நேரம் மரியாதை வகுப்பு நடக்கும்.

பள்ளியின் சேர்க்கைப் படிவத்தை நிரப்பியது அப்பா. அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். பூட்டின வீடு, ஓடாத மீட்டர் என்று எது வந்தாலும் கட்டத்தில் 'நில்' என்று எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்க்கொண்டே இருப்பார். ஒன்றுமில்லை என்பதற்கு அவர் வேலையில் அதுதான் இங்கிலீஷ் வார்த்தை. படிவத்தில் 'பொழுதுபோக்கு, தனித்திறமை' என்று ஒரு கட்டம் வந்தது. அப்பா தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மனுஷன் யோசிக்கவே இல்லை, 'நில்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

பள்ளி அலுவலக ஜன்னலில் இருந்த அம்மாளுக்கு எதையும் சத்தமாகப் படிக்கிற வழக்கம். "பிறந்த தேதி, சரி. ரத்த வகை, சரி. பொழுதுபோக்கு, நில்... நில்லா? யாரை சார் நிக்கச் சொல்றீங்க?"

வரிசையில் அடுத்ததாக மெடல் நின்றிருந்தாள், கைநிறையச் சான்றிதழோடு. அவளுக்கு இது போதாதா? "ஐயோ, என் தங்கச்சிக்கு ஹாபியே நிக்கிறதுதாங்க! ரொம்ப நல்லா நிப்பா. நான் பஸ் ஸ்டாப்ல பாத்திருக்கேன்."

வரிசை மொத்தமும் சிரித்தது. ஜன்னல் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கூடச் சேர்ந்து அப்பாவும் சிரித்தார் பாருங்கள், அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்க அவள் பெயர் 'நில்லு' ஆகிவிட்டது. படியேறினால் "நில்லு", தண்ணீர் பிடிக்கப் போனால் "நில்லு". பள்ளி திறந்தாலாவது புது முகங்கள் வரும், இதெல்லாம் ஓய்ந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். மெடல் அதற்கும் வேட்டு வைத்தாள். "கவலைப்படாதடி. அங்க முதல் நாளே நான் எல்லாருக்கும் சொல்லி வச்சிடறேன். நாலு வருஷமும் உனக்கு இதே பேர்தான்."

நாலு வருஷம்! பள்ளி திறக்க இன்னும் ஐம்பத்திரண்டு நாள் இருந்தது. அதற்குள் அந்தக் கட்டத்தில் எழுத ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டு, அதை வைத்தே இந்த மெடலின் மூக்கை உடைக்க வேண்டும். உடைக்காமல் அந்தப் பள்ளி வாசலை மிதிப்பதில்லை என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சபதம் போட்டாள். போட்ட பிறகுதான், அப்போதும் தான் நின்றுகொண்டிருப்பது உறைத்தது. அதற்கும் ஆத்திரம் வந்தது.

முதலில் நீச்சல். மூன்று நாள் போனாள். இரண்டு காதிலும் தண்ணீர் புகுந்து, யார் கூப்பிட்டாலும் "ஆங்?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தாள். மெடல் வேடிக்கை பார்க்க வந்து, "தண்ணிக்குள்ளயும் நிக்கத்தான் செய்றா!" என்று குளத்தங்கரையில் கத்திவிட்டுப் போனாள். நீச்சலுக்கு முழுக்குப் போட்டாயிற்று. பிறகு எதிர்வீட்டுக்காரர் கொடுத்த பழைய கிடார். ஒரு வாரம் விரல் நுனியெல்லாம் கிழிய மீட்டினாள். அப்பா கதவைத் திறந்து, "ஃபேன்லயா சத்தம்? ஆளக் கூப்பிடவா?" என்று கேட்டார். அதோடு சரி. கேக் செய்யப் போய் அம்மாவின் நல்ல பாத்திரத்தை அடிப்பிடிக்க வைத்தாள், அம்மா அதை இரண்டு நாள் சுரண்டினாள், இவளையும் சேர்த்து. படம் வரைந்து பார்த்தாள். மெடலுக்குக் கொம்பு வைத்து ஒரு படம் அமோகமாக வந்தது, மற்றதெல்லாம் குப்பைக்குப் போனது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எதைக் கற்றால் மெடல் முகத்தில் கரி பூசலாம் என்று தேடினாளே தவிர, தனக்கு எது பிடிக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தாளா? கோபம் யோசிக்க விட்டால்தானே!

பன்னிரண்டாவது நாள், எதிரியைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்து, மெடல் பயிற்சி எடுக்கிற பொது ஹாலுக்குப் போனாள். ஒரே ஒரு மேஜை, நாலு பெஞ்சு, ஒரு டியூப்லைட். சாவியை வைத்திருந்தவரை எல்லாரும் ஹால்காரர் என்பார்கள். திறப்பது, பூட்டுவது, பந்து உடைந்தால் திட்டுவது, இந்த மூன்றும்தான் அவருக்குத் தெரியும், ஆட்டம் தெரியாது. ஹால் கதவு எப்போதும் ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்துத் திறந்தே கிடக்கும். அன்று சாரல் அடித்ததால் கதவைச் சாத்தினார்கள். சாத்தின கதவின் பின்பக்கச் சுவரில், யார் எந்தக் காலத்தில் ஒட்டினார்களோ, ஆட்ட விதிகள் அச்சடித்த ஒரு தாள் இருந்தது.

வேறு வேலை இல்லாததால் படித்தாள். ஆறாவது விதியில் அவள் கண் நின்றுவிட்டது. சர்வ் போடும்போது பந்து விரித்த உள்ளங்கையில் அசையாமல் நிற்க வேண்டும். அங்கிருந்து நேர் மேலே குறைந்தது பதினாறு சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் மட்டை தொடலாம்.

திரும்பி மேஜையைப் பார்த்தாள். மெடல் சர்வ் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த சர்வுக்குத் தெருவில் பெரிய பேர், 'கொக்கி சர்வ்' என்பார்கள். எதிரில் நிற்பவர்கள் பந்து எங்கே போனது என்று தேடுவார்கள். தேட மாட்டார்களா பின்னே? பந்து உள்ளங்கைக்கே வருவதில்லை. விரலிடுக்கில் பிடித்து, மட்டையிலேயே உரசி அனுப்புகிறாள்! வாங்கின மெடல் அத்தனையும் இந்தத் திருட்டு சர்வில் வாங்கினது. தெருப் போட்டியில் யார் விதியைக் கேட்டார்கள்?

மெடலுக்கே இது தெரியாது என்பது இவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சத்தியமாகத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மெடல், "ஏ நில்லு, சும்மாதானே நிக்கிற, அந்தப் பந்த எடுத்துக் குடுடி" என்றாள். இவள் குனிந்து பந்தை எடுத்துக் கொடுத்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். மூடின வாயை முப்பது நாள் திறக்கவில்லை.

முப்பது நாளும் தவறாமல் ஹாலுக்குப் போனாள். கொக்கி சர்வை மெடல் ஒரு நாளைக்கு இருநூறு தடவை போட்டுப் பழகினாள். இவள் பெஞ்சில் உட்கார்ந்து, பழகட்டும், நல்லா பழகட்டும் என்று கறுவிக்கொண்டிருந்தாள். இதற்கிடையில் வேடிக்கையாக ஒன்று நடந்தது. பார்த்துப் பார்த்து அவள் கண் பழகிவிட்டது. பந்து மேஜை விளிம்பில் பட்டதா, பக்கவாட்டில் பட்டதா, வலையை உரசியதா, மற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே இவளுக்குத் தெரிந்துவிடும். சொன்னால் சரியாக இருக்கும். சாப்பிடும்போதுகூட இலேசாக ஒரு பந்துச் சத்தம் காதில் கேட்கும், அது இனிப்பாக இருக்கும். ஆனால் அவள் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

விடுமுறைக் கடைசியில் ஹாலில் போட்டி வைத்தார்கள். புள்ளி அட்டையைப் புரட்ட ஆள் கிடைக்காமல் ஹால்காரர் இவளை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தவள் புரட்டுவதோடு விட்டாளா? சுவரைப் பார்த்து விதிகளை எழுதி வந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, சர்வ் தப்பினால் சின்னக் குழந்தையென்றும் பார்க்காமல் பிடித்தாள். நாளைக்கு ஒருத்தரும் ஓரவஞ்சனை என்று வாயைத் திறக்கக் கூடாது. மெடலின் ஆட்டம் வரும்போது மட்டும் வயிற்று வலி என்று எழுந்து போய்விடுவாள். அதையெல்லாம் வேறு யாராவது புரட்டுவார்கள், மெடலும் ஜெயித்துக்கொண்டே வந்தாள். பொடிசுகள் ஆட்டத்தையெல்லாம் மெடல் நின்று பார்க்கிறவள் இல்லை, தன் ஆட்டத்துக்கு வருவாள், முடிந்ததும் போய்விடுவாள்.

இறுதி ஆட்டம் மெடலுக்கும், அடுத்த தெருவின் கண்ணாடிக்காரிக்கும். கண்ணாடிக்காரியின் அப்பா, "அந்தப் பொண்ணு இவளுக்குச் சொந்தமாச்சே, அவ எப்படி நடுவரா உக்காரலாம்?" என்று மறித்தார். ஹால்காரர் தலையைச் சொறிந்தார். தீர்த்து வைத்தது யார் தெரியுமா? மெடலேதான். "எங்களுக்குள்ள ஆகாது, ஊருக்கே தெரியும் அங்கிள். அவளே உக்காரட்டும். நிக்கத்தான் தெரியும், உக்காரவும் பழகட்டுமே!"

ஹால் சிரித்தது. இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வயிற்று வலி போன இடம் தெரியவில்லை.

மெடலின் முதல் சர்வ். பந்து விரலிடுக்கில் இருந்து கிளம்பியது. இவள் கையைத் தூக்கினாள். 'ஃபால்ட்' என்று சொல்ல முப்பது நாளாக ஒத்திகை பார்த்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"நில்!"

மெடல்தான் முதலில் சிரித்தாள். "உன் பேர நீயே கூப்பிட்டுக்கிறியா?"

"பந்து உள்ளங்கையில நிக்கல. பதினாறு சென்டிமீட்டர் எழும்பவும் இல்ல. சர்வ் செல்லாது," என்றாள் இவள். "இது எச்சரிக்கை. அடுத்த தடவை புள்ளி அந்தப் பக்கம் போகும்."

"என்னடி உளர்ற? இத்தன வருஷமா இப்படித்தான் போடறேன்!"

"இத்தன வருஷமும் தப்பு."

பெரியம்மா பெஞ்சை விட்டு எழுந்துவிட்டாள். "சொந்த அக்காவுக்கே குழி பறிக்கிறியா? அவ வயசுக்கு ஒரு மரியாத வேணாம்?" என்று ஹால் அதிரக் கத்தினாள். இவள் கதவைக் கை காட்டினாள். ஹால்காரர் போய்ச் செங்கல்லை நகர்த்திக் கதவைச் சாத்தி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆறாவது விதியை எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு, "அப்படித்தாம்மா போட்டிருக்கு," என்றார். பெரியம்மா உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு மெடல் கையை விரித்துப் போட வேண்டியதாயிற்று. பழகாத சர்வ். வலையில் விழுந்தது, வெளியே போனது. ஆனாலும் லேசுப்பட்ட ஆளா அவள்? மற்ற அடிகளில் விட்டுக்கொடுக்காமல் மோதி, ஐந்தாவது ஆட்டத்தில் ஒன்பதுக்கு ஒன்பது என்று கொண்டு வந்து நிறுத்தினாள். அடுத்த இரண்டு சர்வும் அவளுக்கு. இரண்டையும் எடுத்தால் கோப்பை. அவள் முகத்தில் வியர்வை கொட்டியது. பதற்றத்தில் கை தன் பழைய வழக்கத்துக்குப் போனது, விரல்கள் மூடிக்கொண்டன.

"நில்! ஒன்பது, பத்து."

மெடல் மட்டையைத் தொடையில் அடித்துக்கொண்டாள். கையை விரித்தாள். பந்தை வைத்தாள். அது நிற்பதற்குள் விரல் துடித்து மறுபடி மூடிக்கொண்டது.

"நில்! ஒன்பது, பதினொன்று. ஆட்டம் முடிந்தது."

கண்ணாடிக்காரி மட்டையை அசைக்காமலே ஜெயித்துவிட்டாள். அவளுக்கே அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மெடல் மேஜையைச் சுற்றிக்கொண்டு நேராக நாற்காலிக்கு வந்தாள்.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"ஒரு மாசம் முன்னாடி."

"ஒரு மாசமா பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருந்தியா? சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். நீதான் பந்து எடுக்கச் சொன்ன."

'நீ' என்றுதான் சொன்னாள். பெரியம்மா அது காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்துவிட்டாள்.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு அதிகமாகச் சாப்பிட்டாள். வருத்தப்பட்டாளா என்று கேட்கிறீர்களா? இல்லை. சும்மா பொய் சொல்வானேன்! பெயர் மட்டும் போகவில்லை. ஆனால் அந்தப் பெயருக்குப் பல் முளைத்துவிட்டது. "நில்லு வர்றா, ஒழுங்கா சர்வ் போடு," என்று சின்னதுகள் கையை விரித்துக்கொண்டன. புதுப் பள்ளியில் இருந்து விவர அட்டை வந்தபோது அப்பா பேனாவைத் தொடாமல் மகளிடம் நீட்டினார். பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் அவளே 'நடுவர்' என்று எழுதினாள்.

பள்ளி திறக்க நான்கு நாள் இருந்தது. காலையில் ஹாலில் தனியாக உட்கார்ந்து விதித் தாளைப் புது அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். மெடல் வந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. கண் வீங்கியிருந்தது. பள்ளி திறக்கிற வாரமே அணிக்குத் தேர்வு.

"சர்வ் சரியா வருதான்னு எனக்குத் தெரியல. கொஞ்சம் பாரு."

இவள் பசையை மூடி வைத்தாள். "பாருங்கன்னு சொல்லு."

மெடல் முகம் சிவந்தது. மேஜையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். ஹாலில் வேறு யாரும் இல்லை.

"பாருங்க," என்றாள்.

முதல் பந்து உள்ளங்கையில் உருண்டது. இரண்டாவது சாய்வாக எழும்பியது. "நிக்கல," "நிக்கல," என்று இவள் சொன்னாள், இரண்டும் உண்மை. மூன்றாவது தடவை மெடல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை விரித்தாள். பந்து உள்ளங்கை நடுவில் ஆடாமல் அசையாமல் நின்றது. நேர் மேலே எழும்பி, இறங்கி, மட்டையில் பட்டுப் போனது. எந்த நடுவரும் குறை சொல்ல முடியாத சர்வ். இவள் கண்ணுக்கு அது தப்புமா? மெடல் திரும்பி இவள் வாயையே பார்த்தாள். இவள் சொல்வதுதான் தீர்ப்பு என்று நம்பி நின்றாள்.

"நிக்கல," என்றாள் இவள். "மறுபடியும்."

மெடல் குனிந்து பந்தைத் தானே எடுத்துக்கொண்டு வந்து கையை விரித்தாள்.