மதினிக்கும் மண்டையிடி

ஒற்றைத் தலைவலி வந்தால், டாக்டர் எழுதித் தந்த ஊசியை நானே தொடையில் போட்டுக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் வலி இறங்கிவிடும். அதைச் சொந்தக்காரர்களிடம் பெருமையடித்ததுதான் வினையானது.

தருவைகுளத்திலிருந்து வந்த மதினி தலையைப் பிடித்தபடி உட்கார்ந்தார். "ஏளா, மண்டையிடி தாங்கல. ஒன் ஊசியப் போட்டுவிடு."

எங்கள் பக்கம் எந்தத் தலைவலிக்கும் பேர் மண்டையிடிதான். எனக்கு வருவதே அவருக்கும் என்று நினைத்து ஊசியின் மூடியைத் திறந்துவிட்டேன்.

"நெஞ்சும் லேசா அடைக்கி" என்றார். பதறிப்போய் ஊசியை அப்படியே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன்.

"பிரஷர் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. அந்த ஊசி ரத்தக்குழாயைச் சுருக்கும். போட்டிருந்தா ஆபத்தாயிருக்கும்" என்றார் டாக்டர்.

இப்போது யார் கேட்டாலும் ஊசியைத் தருவதில்லை. "ஒரு ஊசி தர மனசில்லாதவ" என்று மதினி இன்னும் ஏசுகிறார். ஏசட்டும். ஏச ஆள் இருக்கிறாரே!