மாமனாரின் மறுபக்க இடுப்பு

கடத்தூர்ப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டு வந்த சில வருடங்களில், அறுபதுகளின் கடைசியில், என் மாமனார் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தார். இடது இடுப்பெலும்பு முறிந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் படுக்க வைத்திருந்தார்கள். பிழைக்க மாட்டார் என்றுதான் ஊரில் பேச்சு. அவரோ தடியை ஊன்றி, பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டர் என்னிடம் தனியே ஒன்று சொல்லியிருந்தார்.

"ஒரு பக்கம் ஒடஞ்சவங்களுக்கு இன்னொரு பக்கமும் ஒடையலாம்மா. அப்பவும் இப்படி எந்திரிப்பாருன்னு சொல்ல முடியாது."

அதன்பின் வீட்டில் சொம்பு உருண்டாலும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஈரம் கண்ட இடமெல்லாம் சாக்கு விரித்தேன். அவர் சிரிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவரின் முழங்கையில் செம்மண் அப்பியிருந்தது.

"வுழுந்தீங்களா மாமா?"

"வுழலம்மா. ஒக்காந்தேன்."

அன்றிலிருந்து அவருக்கும் பயம் வந்துவிட்டது. வயலுக்குப் போவது நின்றது. பிறகு கோயிலுக்கு. பிறகு வாசலுக்குக்கூட. நடை குறையக் குறையக் கால்கள் சூம்பின.

இரண்டாவது முறை அவர் எதிலும் தடுக்கி விழவில்லை. காலையில் கட்டிலைவிட்டு எழுந்து, துண்டை எடுக்கத் திரும்பினார். படக்கென்று ஒரு சத்தம். விழுந்தது அதற்குப் பிறகுதான். நான் எதிரிலேயே நின்றிருந்தேன்.

"இந்தப் பக்கம்மா" என்றார், வலது இடுப்பைத் தொட்டு. குரலில் ஆச்சரியமே இல்லை.

சேலத்தில் இம்முறை வேறு டாக்டர். ஆபரேஷனை இருதயம் தாங்காது என்று மறுபடி எடை கட்டினார். சில நாட்களில் மாமனாருக்குப் புத்தி தடுமாறியது. படுத்தபடியே மாடுகளை அதட்டி ஏர் ஓட்டினார். என் கணவரைப் பார்த்து யாரென்று கேட்டார். முதுகில் புண் கண்டது. எலும்பு கூடுவதற்குள் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது.

"வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார் டாக்டர்.

வாடகைக் காரில் என் மடியில் தலைவைத்து வந்தார். தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது திடீரெனத் தெளிவாகக் கேட்டார்:

"எந்திரிச்சு நடப்பனாம்மா?"

"நடப்பீங்க மாமா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

கோயில் சாமியார் வந்து செபம் சொல்லிக் கடைசி எண்ணெய் பூசிய மறுநாள் உயிர் போயிற்று. அடக்கம் முடிந்ததும், அவருடைய கட்டிலை யாரும் நகர்த்தக் கூடாது என்றார் என் மாமியார். கொஞ்ச நாளில் அவரே அதில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார்.